தொலைபேசிக் கம்பியில் இணைய வேகம் குறைவது ஏன்?



ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார வியாபாரிகள் பலருக்குக் கர்நாடகத்தில் வரவு செலவு உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல், ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்ட இ-வே பில் அவசியம். பில் வரும்வரை அத்திப்பள்ளி செல்லவேண்டிய வண்டி கடைவாசலில் நிற்கும். காத்திருப்புச் செலவு நம் தலையில் விழும். எனவே இணையம் மந்தமாவதன் காரணங்களை நாம் அறிந்திருப்பது நல்லது.

பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 ஜனவரியில் தொலைபேசிக் கம்பி வழியே பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. செம்புக் கம்பி இணைப்பு வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. தூரம்: முதல் காரணம் இதுவே. ஓட்டைச் சாக்கில் அரிசி கொண்டுபோனால் வழிநெடுகச் சிந்துவதுபோல், கம்பி நீள நீள வேகம் குறையும். ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் முறையில் எக்ஸ்சேஞ்சுக்கு அருகே நொடிக்கு 24 மெகாபிட் வரை கிடைக்கலாம், 5 கி.மீ. தாண்டினால் ஓரிரு மெகாபிட்டே மிச்சம். கம்பி சுற்றி வரும் தூரமே கணக்கு, நேர்த்தூரம் அல்ல.

2. கம்பியின் நிலை: இணைப்புகளில் துரு, பெட்டியில் மழைநீர் ஆகியவை வேகத்தைக் கெடுக்கும். போனில் கரகரவென்று சத்தம் கேட்பது இதன் அறிகுறி.

3. கடைக்குள் இணைப்பு: பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழும், இணையம் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் ஒரே கம்பியில் செல்கின்றன. இரண்டையும் பிரிப்பது ஸ்பிளிட்டர். அதைத் தாண்டாமல் கல்லாவுக்கும் கிடங்குக்கும் தனித்தனியே போன் இழுத்தால் வேகம் விழும். மோட்டார், டியூப்லைட் சோக் அருகே கம்பி போகக் கூடாது.

4. நெரிசல்: மாலையில் பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் வேகம் குறையும். ஜி.எஸ்.டி. கடைசி நாளில் அரசின் தளமே திணறினால் நம் கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை.

5. அளவை: 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 மெகாபைட். மேலும் இம்முறையில் நாம் அனுப்பும் வேகம், பெறும் வேகத்தைவிட மிகக் குறைவு. விளம்பரத்தில் காண்பது பெறும் வேகமே.

குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மற்ற போன்களைக் கழற்றிவிட்டு, கம்பி உள்ளே நுழையும் முதல் பெட்டியில் மோடத்தை இணைத்து, வை-ஃபை இல்லாமல் வயர் மூலம் கணினியில் வேகத்தைப் பாருங்கள். வேகம் கூடினால் பழுது கடைக்குள். கூடாவிட்டால், காலை, மதியம், இரவு என மூன்று நாள் அளந்து குறித்து வையுங்கள். இரவில் மட்டும் குறைந்தால் நெரிசல். எந்நேரமும் குறைந்தால் வெளிக் கம்பி அல்லது தூரம்.

2023 ஜனவரி முதல், நொடிக்கு 2 மெகாபிட்டாவது தருவதே பிராட்பேண்ட் என்பது அரசு வரையறை. அதற்கும் குறைந்தால் குறிப்பைக் காட்டிப் புகார் செய்து, புகார் எண் பெறுங்கள். தூரமே காரணம் என்றால் பழுதுபார்ப்பதில் பயனில்லை. கண்ணாடி இழை இணைப்புக்கு மாறுவதே வழி. சரக்கை எடைபோட்டு வாங்கும் நாம் இதையும் அளந்தே வாங்குவோம்.