கம்பிவழிக் குரலும் ஓம் விதியும்

மழை ஓய்ந்த மறுநாள் ஒரு வீட்டின் தொலைபேசி ஊமையாகிவிடுகிறது. முதியவர் இருவர் மட்டுமே வாழும் அவ்வீட்டுக்கு மருத்துவரை அழைக்க அதுவே துணை. இணைப்பகத்திலிருந்து வரும் செப்புக்கம்பி இணை, இரண்டு கிலோமீட்டர் தொலைவு மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. பழுது எங்கே? சாலை முழுவதையும் தோண்டுதல் இயலாது. தோண்டினால் அதே வடத்தில் செல்லும் பிற கம்பிகளும் அறுபடக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத இடத்தைக் கணக்கால் கண்டறிவதே தொலைபேசித் தடச் சோதனை.

மூன்று அளவுகள்

மேல்நிலைத் தொட்டியின் உயரம் நீரைக் குழாய்வழி உந்துவதுபோல, மின்னழுத்தம் மின்னோட்டத்தைக் கம்பிவழி உந்துகிறது. குழாய் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் நீரோட்டம் குறையும். கம்பியில் அத்தகைய தடுப்பே மின்தடை. மாறாத வெப்பநிலையில், கடத்தியில் பாயும் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது ஓம் விதி. ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரான ஜார்ஜ் சைமன் ஓம் இதனை 1827ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் அவருடைய நாட்டிலேயே அந்நூல் உரிய வரவேற்பைப் பெறவில்லை. 1841இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கி அவரைச் சிறப்பித்தது.

அளவி சொல்லும் செய்தி

இணைப்பகத்தில் உள்ள மின்கல அடுக்கு, கம்பி இணைக்கு 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் தருகிறது. வீட்டில் மின்வெட்டு நேர்ந்தபோதும் கம்பிவழித் தொலைபேசி இயங்குவது இதனால்தான். ரிசீவரை எடுத்தவுடன் சுற்று நிறைவுற்று மின்னோட்டம் பாய்கிறது. வீட்டு முனையில் மின்னழுத்தம் பெரிதும் குறைந்துவிடுகிறது.

ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும்போது மல்டிமீட்டர் 48 வோல்ட் அளவைக் காட்டினால், தடம் பெரும்பாலும் சீராக உள்ளது. சுழியைக் காட்டினால் கம்பி அறுந்திருக்கலாம். அல்லது இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். எது என்பதை அறிய, இரு முனைகளையும் கழற்றி மின்தடையை அளத்தல் வேண்டும். அறுந்த கம்பி அளவிட இயலாத மிகுதடையைக் காட்டும். தொட்டுக்கொண்ட கம்பிகள் குறைந்த தடையைக் காட்டும்.

0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக்கம்பி இணையின் தடை, போக்குவரத்து சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 175 ஓம். இணைப்பகத்திலிருந்து அளக்கும்போது 210 ஓம் கிடைத்தால், கம்பிகள் தொட்டுக்கொண்ட இடம் 1.2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனலாம்.

ஈரம் மறைத்த இடம்

ஆனால், மழைநீர் புகுந்து ஒரு கம்பியிலிருந்து மின்சாரம் மண்ணுக்குக் கசியும்போது இக்கணக்கு பிழையாகும். ஈரத்தின் தடையும் அளவீட்டில் கலந்துவிடுவதே காரணம். இதற்கு வீட்ஸ்டன் சமனச்சுற்றை அடிப்படையாகக் கொண்ட மர்ரே வளையச் சோதனை உதவுகிறது. பழுதுற்ற கம்பியின் தொலைமுனையை, அதே தடிமனுள்ள நல்ல கம்பியுடன் இணைத்து வளையமாக்குவர். கால்வனோமீட்டரின் முள் சுழியில் நிற்கும்வரை இரு விகிதத் தடைகளைச் சரிசெய்வர். அப்போது அத்தடைகளின் விகிதமும், பழுதின் இருபுறமும் உள்ள கம்பி நீளங்களின் விகிதமும் சமமாகும். ஈரத்தின் தடை மின்கலத்தின் வழியில் அமைவதால் இச்சமநிலையைக் குலைப்பதில்லை.

இரண்டு கிலோமீட்டர் வடத்தில் வளையத்தின் நீளம் 4000 மீட்டர். விகிதம் 4:1 எனில், பழுது அதன் ஐந்தில் ஒரு பங்கான 800 மீட்டரில் இருக்கும்.

இச்சோதனைகளில் விழிப்பு இன்றியமையாதது. மணி ஒலிக்கும்போது தடத்தில் ஏறத்தாழ 75 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் இருக்கும்; வெறுங்கையால் கம்பி முனையைத் தொட்டால் அதிர்ச்சி ஏற்படும். இடி மின்னல் வேளையில் சோதனையைத் தவிர்த்தல் வேண்டும்.

பணியாளர் 800ஆம் மீட்டரில் ஒரே ஒரு குழி தோண்டுகிறார். நீர் புகுந்த இணைப்பை நீக்கிப் புதிதாக முறுக்கி, மின்காப்பு இட்டு மூடுகிறார். சற்று நேரத்தில் முதியவர்களின் வீட்டில் மணி ஒலிக்கிறது.