கடலோரம் வாடகை வீடு தேடும் தம்பி தங்கைகளுக்கு

வேலைக் கடிதத்தோடு சென்னைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “அங்கிள், பீச் பக்கம் வீடு கிடைக்குமா?” என்பதுதான். மதுரையிலும் சேலத்திலும் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆசை இருப்பது நியாயம். கிடைக்கும். ஆனால் கடலைப் பார்த்து வீடு பிடிக்காதீர்கள்; தண்ணீரையும் ஆபீஸுக்குப் போகும் வழியையும் பார்த்துப் பிடியுங்கள். ஜன்னலைத் திறந்து கடல் பார்க்கிறவருக்கும் கால் மணி நேரம் நடந்துபோய்ப் பார்க்கிறவருக்கும் கடல் ஒன்றுதான். வாடகைதான் வேறு.

1. முதலில் ஆபீஸ் எங்கே என்று பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை என்கிற ஈசிஆருக்கும் பழைய மாமல்லபுரம் சாலை என்கிற ஓஎம்ஆருக்கும் நடுவில் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. வரைபடத்தில் நீலாங்கரை வீடும் துரைப்பாக்கம் ஆபீஸும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். அந்தப் பாலத்துக்குத்தான் காலை ஒன்பது மணிக்கு ஊரே வரும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை முடியும்வரை இந்தக் கணக்கு இன்னும் மோசம். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். திங்கட்கிழமை காலை அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி ஆபீஸ் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். டைடல் பார்க், தரமணி பக்கம் வேலை என்றால் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் தேடுங்கள். கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை போகும் அந்த ரயில் சிக்னலில் நிற்காது.

2. இனி ஏரியாக்கள். பெசன்ட் நகர் அழகு. வாடகையும் அழகுக்கேற்ற வாடகை. பஸ் வசதி உண்டு. 29சி ஏறினால் பெரம்பூர் வரை போகலாம். ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அங்குள்ள வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. அந்த நாட்களில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தவை. மணல் தெரு, காற்று, அமைதி எல்லாம் உண்டு. சொந்த வண்டி இல்லாதவர்களுக்குக் கஷ்டம். கையில் காசு குறைவு, தனி ஆள் என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன்களை ஏளனம் செய்யாதீர்கள். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, தெரு முழுக்க மெஸ், நடந்தால் மெரினா. பேச்சலரா என்று அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வடக்கே திருவொற்றியூரை யாரும் சிபாரிசு செய்வதில்லை. 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, வாடகையும் குறைவு. மணலி, எண்ணூர் ஆலைகளின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மட்டும் மூக்கால் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. தண்ணீர். இதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணலில் இறங்கிய மழைநீர்தான் அந்தக் காலத்தில் கிணற்றில் நல்ல தண்ணீராகக் கிடைத்தது. அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த இடத்தில் கடல் உள்ளே வரும். அதனால் ஒரே தெருவில் ஒரு வீட்டு போர்வெல் நன்றாக இருக்கும், அடுத்த வீட்டில் உப்புக் கரிக்கும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவோடு வந்தது; 2024-ல் 15 கோடி லிட்டர் கொள்ளளவில் இன்னொன்றும் வந்தது. ஆனால் ஆலையில் தண்ணீர் இருப்பது வேறு, உங்கள் தெருக் குழாயில் வருவது வேறு. வீடு பார்க்கப் போகும்போது நேராகக் குளியலறைக்குப் போங்கள். ஷவர் தலையில் வெள்ளைப் படிவு அடைத்திருக்கிறதா, குழாயின் அடியில் சுண்ணாம்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். கையில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; நுரை வரவில்லை என்றால் உங்கள் தலைமுடியும் அதே தண்ணீரில்தான் அலசப்படும். பிறகு புரோக்கரை விட்டுவிட்டு வாட்ச்மேனிடம் தனியாகக் கேளுங்கள்: “அண்ணே, மே மாசம் வாரத்துக்கு எத்தனை லாரி வருது?” 12,000 லிட்டர் லாரிக்குப் பணம் யார் கொடுப்பது, மெயின்டனன்ஸில் சேர்த்தியா தனியா என்பது அடுத்த கேள்வி. கழிவுநீருக்குப் பாதாளச் சாக்கடை தெருவுக்கு வந்துவிட்டதா, இன்னும் செப்டிக் டேங்க்தானா என்றும் கேளுங்கள்.

4. உப்புக்காற்று கதவைத் தட்டிக்கொண்டு வராது. ஏசியின் வெளி யூனிட்டைப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அலுமினியத் தகடு விரலால் தொட்டால் பொடியாக உதிர்கிறது என்றால் இரண்டு கோடைக்குள் கம்ப்ரஸர் செலவு வரும். பால்கனிக் கூரையின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் நேர்கோடாகக் கறை ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். பூச்சு பெயர்ந்து கம்பியே தெரிகிற வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக் காட்டுவார்கள், வேண்டாம். ஏசி, கீசர் ரிப்பேர் யார் பொறுப்பு என்பதை அக்ரிமெண்டில் எழுதச் சொல்லுங்கள். பைக் செயினுக்கு அடிக்கடி எண்ணெய் விடுங்கள்.

5. காற்று வரும் என்று நம்பி வாடகை கொடுக்காதீர்கள், வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கோடையில் கடற்காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் உள்ளே வரும். கத்திரி வெயிலில் மேல்காற்று அடிக்கும் நாட்களில் இன்னும் தாமதம். கிழக்கும் தென்கிழக்கும் திறந்த அறைதான் நல்ல அறை. முன்னால் ஐந்து மாடி எழும்பியிருந்தால் கடலிலிருந்து மூன்றாவது தெருவும் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் முகப்பேரும் ஒன்றுதான். இரவில் வேர்க்கும், கடலோரத்துக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

6. வடகிழக்குப் பருவமழை கடல் பக்கமிருந்துதான் அடிக்கும். அந்தப் பக்கச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவர் உண்மை சொல்வார்.

7. தனி ஆளுக்கு வீடு தர யோசிப்பார்கள். “ஃபேமிலியா?” என்று போனில் கேட்பதிலேயே பாதி வீடு போய்விடும். பொய் சொல்லிக் குடியேறாதீர்கள். பிறகு ஒவ்வொரு விருந்தாளிக்கும் பயப்பட வேண்டும். கறி மீன் சமைக்கலாமா, நண்பர்கள் தங்கலாமா, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். தங்கைகள் இரவு பத்து மணிக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை ஒருமுறை, துணையோடு, நடந்து பாருங்கள். ஈசிஆரின் கிழக்குத் தெருக்கள் பல அந்நேரம் வெறிச்சோடிவிடும். முதல் ஆறு மாதம் அரசின் தோழி விடுதியிலோ நல்ல பி.ஜி.யிலோ தங்கிக்கொண்டு வீடு தேடுவது புத்திசாலித்தனம்.

8. அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அந்த “வேறுவிதமாக”வைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்தும் பத்தும் கேட்கிறார்கள். பேரம் பேசுங்கள், சட்டத்தைச் சொல்லி மரியாதையாகப் பேசுங்கள். கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈபி மீட்டரா, சப் மீட்டரா என்றும் பாருங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டரில் அது வீட்டுக்காரர் கணக்குக்குப் போய்விடும், உங்களிடம் அவர் வைத்த விலைதான்.

9. ஊரூர் குப்பம், ஓடைக்குப்பம், கொட்டிவாக்கம் குப்பம் என்று எந்தக் கடற்கரைக்குப் போனாலும் உங்களுக்கு முன்னால் அங்கே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வலை காயும் மணலில் வண்டியை விடாதீர்கள், படகில் ஏறி போட்டோ எடுக்காதீர்கள், மீன் வாசம் என்று புகார் எழுதாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட வரும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். வார இறுதியில் அவர்களோடு நடந்து பாருங்கள். ஊரில் யாரையும் தெரியாத பிள்ளைக்கு நண்பர்கள் கிடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

10. கடைசியாக, கடல். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் மணலில் நிற்கும் அந்த வெள்ளை மண்டபத்தின் முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். 1930-ல் இங்கே நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் இறந்த கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவாக எழுப்பியது அது. காப்பாற்றப் போனவரையே இழுத்த கடல். குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய தைரியம் இங்கே உதவாது. முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், இருட்டிய பிறகு இறங்கவே இறங்காதீர்கள்.