கேள்வியும் கேட்டலும்: துப்பறியும் கதையாசிரியரின் குரல்

'கேள்வி' என்னும் சொல் இன்று பெரிதும் வினாவையே குறிக்கின்றது. வள்ளுவரோ கேட்டறிதல் என்னும் பொருளில் அதனை ஓர் அதிகாரத்தின் தலைப்பாக வைத்தார். நேர்காணலில் இவ்விரு பொருளும் ஒருங்கே அமைகின்றன. எழுத்தாளரை அச்சில் பயிலும் மாணவர் அவர்தம் குரலைக் கேட்டும் பயிலுதல் வேண்டும். ஆங்கிலத் துப்பறியும் புனைகதையாசிரியர் மூவரின் வானொலிப் பேச்சுகள் இதற்குத் தக்க சான்றுகளாம்.

1958 ஜூலையில் பி.பி.சி. வானொலி, ரேமண்ட் சாண்ட்லரையும் இயான் ஃபிளெமிங்கையும் உரையாடச் செய்தது. முன்னவர் பிலிப் மார்லோ என்னும் துப்பறிவாளரைப் படைத்தவர். எழுபதாம் அகவையை எட்டிக்கொண்டிருந்தவர். பின்னவர் ஜேம்ஸ் பாண்டைப் படைத்தவர். அப்போது ஐம்பது வயதினர். சாண்ட்லரின் குரல் பதிவாகக் கிடைத்திருப்பது இஃது ஒன்றே என்பர். மனைவியை 1954இல் இழந்தபின் மதுவில் ஆழ்ந்திருந்த அவருடைய பேச்சு தளர்ந்தும் குழறியும் ஒலிக்கின்றது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் மறைந்தார். எழுத்தில் அத்துணைக் கூர்மையாகப் பேசும் மார்லோவை அறிந்தவர்க்கு இக்குரல் அதிர்ச்சி தரும். அவ்வதிர்ச்சியும் ஒரு பாடமே. கதைசொல்லியின் குரல் வேறு, ஆசிரியரின் குரல் வேறு என்று வகுப்பில் பலமுறை சொல்கிறோம்; இப்பதிவு அதனைச் செவிக்கே உணர்த்திவிடுகின்றது.

1957 அக்டோபரில் நியூயார்க் நகரின் விடுதியொன்றில், முடிதிருத்தும் நாற்காலியில் அமர்ந்திருந்த ஆல்பர்ட் அனஸ்தாசியா என்னும் குற்றக்குழுத் தலைவன் சுட்டுக் கொல்லப்பட்டான். இத்தகைய கொலை எங்ஙனம் ஏற்பாடு செய்யப்படுகிறது என்று ஃபிளெமிங் வினவுகின்றார். வெளியூரில் வணிகர்களாய் மதிப்போடு வாழும் இருவரைக் குழு தொலைபேசியில் அழைப்பதையும், ஆளை அடையாளம் காட்டுவதையும், உடைமையாளர் யாரெனத் தடம் காணவியலாத துப்பாக்கிகளைத் தருவதையும் சாண்ட்லர் அடுக்கிச் சொல்கின்றார். குரலில் வியப்போ வெறுப்போ இல்லை. கொலையும் ஒரு தொழில் என்ற அளவில் அவர் பேசுவது, 1944இல் அவர் எழுதிய கொலைக்கதை பற்றிய புகழ்பெற்ற கட்டுரைக்கு நல்லதோர் உரையாக அமைகின்றது. புதிருக்காகப் பிணத்தைக் கிடத்தும் கதைகளை அவர் அக்கட்டுரையில் கடிந்திருந்தார்.

இதனினும் ஆழமான பகுதி தீயோரைப் பற்றியது. தீயவனைப் படைப்பதன் அருமையை ஃபிளெமிங் எடுத்துரைக்க, தாம் எவரையும் மனத்தளவில் தீயவராகக் கருதுவதே இல்லை என்ற கருத்தினைச் சாண்ட்லர் மொழிகின்றார். இருவர்தம் நாவல்களுக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இவ்வொரு விடையில் அடங்கிவிடுகின்றது. எதிரியின்றி பாண்ட் இல்லை. மார்லோவின் உலகிலோ குற்றவாளியும் இரங்கத்தக்கவரே.

ஆயினும், ஆசிரியர் கூற்றே முடிந்த முடிபு அன்று. ஆண்டுதோறும் ஜமைக்காவில் தங்கும் இரண்டு மாதங்களில் ஒரு நூலை முடிப்பதாக ஃபிளெமிங் கூறுகின்றார். அது தமக்கு இயலாது என்கின்றார் சாண்ட்லர். 1955இல் பி.பி.சி. வானொலியில் பேசிய அகதா கிறிஸ்டி, எழுதுவதற்கு மூன்று மாதம் போதும் என்றார். எனினும், கதையின் போக்கைச் சிந்தித்துச் சீராக்குவதே உண்மையான உழைப்பு என்றும், அதற்கு நெடுநாள் ஆகலாம் என்றும் அவரே கூறினார். சாண்ட்லரின் முதல் நாவலும் ஏறத்தாழ மூன்று மாதங்களில் எழுதப்பட்டதுதான், 1939இல் வெளிவந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி அவர் முன்னரே இதழ்களில் எழுதிய சிறுகதைகளிலிருந்து எடுத்துப் பின்னப்பட்டது. எண் ஒன்றே, அதன் பின்னுள்ள உழைப்போ வேறு. நேர்காணலைக் கேட்டபின் மீண்டும் நூலிடம் செல்ல வேண்டிய தேவை இதனால்தான் எழுகின்றது.

அமெரிக்காவில் மர்மக்கதை எழுதுவோர் இலக்கியப் பந்தியில் சற்றுக் கீழேயே வைக்கப்படுகின்றனர் என்ற குறையும் அவ்வுரையாடலில் வெளிப்படுகின்றது. (நம் தமிழ்த்துறைகளிலும் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் பெற்ற இடம் பெரிதன்று.)

கேட்கும் முறை பற்றி ஒரு சொல். முதன்முறை எதனையும் குறிக்காமல் கேட்க. மறுமுறை, வினாவிற்கும் விடைக்கும் இடையிலுள்ள மௌனங்களையும், விடை வழுவிச் செல்லும் இடங்களையும் குறித்துக்கொள்க. அச்சுப்படி இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். கிறிஸ்டி 1965இல் எழுதி முடித்த தன்வரலாறு அவர் மறைவுக்குப்பின் 1977இல் நூலாயிற்று. அதற்காக அவர் தாமே பேசிப் பதிந்த ஒலிநாடாக்கள் 2008இல் அவர்தம் பேரரால் கண்டெடுக்கப்பட்டன. நூலையும் நாடாவையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல், முதுகலை மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க நல்லதோர் ஆய்வுப் பொருளாகும்.