கடனறிக்கையில் ஒரு பிழை

கிள்ளானில் வேலை கிடைத்த ஓர் இளைஞர், பிரிக்பீல்ட்ஸில் தாம் தங்கியிருந்த வாடகை அறையைக் காலி செய்கிறார். புறப்படுமுன் அறையின் இணையச் சேவையை நிறுத்தும்படி படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். ஈராண்டுக்குப் பின் மோட்டார் சைக்கிள் வாங்க வங்கியில் கடன் கேட்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவர் பெயரில் 285 ரிங்கிட் பாக்கி உள்ளதாகக் கடனறிக்கை காட்டுகிறது. சேவையை நிறுத்திய பின்னும் மூன்று மாதக் கட்டணம் கணக்கில் ஏறியிருக்கிறது. பில்களும் நினைவூட்டுக் கடிதங்களும் பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. அந்தப் பாக்கி கடைசியில் ஒரு கடன் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இது கற்பனை நிகழ்வே. ஆயினும், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது யாருக்கும் நேரலாம்.

“பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது” என்று மக்கள் இதனைச் சொல்வதுண்டு. உண்மையில் அப்படியொரு பட்டியல் இல்லை. பேங்க் நெகாரா மலேசியா நடத்தும் சிசிஆர்ஐஎஸ் முறையில் வங்கிக் கடன்களும் கடந்த 12 மாதங்களில் அவை செலுத்தப்பட்ட விதமும் பதிவாகின்றன. 1990-இல் தொடங்கப்பட்ட சிடிஓஎஸ் போன்ற தனியார் நிறுவனங்கள், நீதிமன்ற வழக்குகள், வணிக நிறுவனங்கள் தெரிவிக்கும் பாக்கிகள் முதலியவற்றையும் திரட்டுகின்றன. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது வங்கியே.

ஆகவே, வங்கி அதிகாரியிடம் வாதாடிப் பயனில்லை; அந்தப் பதிவு அவருடையதன்று. முதலில் கடனறிக்கையைப் பெற்று, யார், எந்தத் தேதியில், எவ்வளவு பாக்கி என்று தெரிவித்திருக்கிறார் எனப் பார்க்க வேண்டும். 2010-ஆம் ஆண்டு கடனறிக்கை நிறுவனச் சட்டம், தம்மைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் தவறானதைத் திருத்தக் கேட்கவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. இச்சட்டம் 2014 ஜனவரி 15-இல் நடைமுறைக்கு வந்தது. வங்கிக் கடன் தொடர்பான பிழையென்றால், திருத்த வேண்டியது அதனைப் பதிந்த வங்கி.

இதற்கிடையே வசூல் முகவர் தொலைபேசியில் அழைப்பார். “சிறிய தொகைதானே, கட்டிவிட்டால் தொல்லை தீரும்” என்பார். 285 ரிங்கிட்டுக்காக அலைவதா என்று இளைஞருக்கும் தோன்றும். இங்கேதான் நிதானம் தேவை. கட்டினால் பதிவு ‘தீர்க்கப்பட்டது’ என மாறலாம். ஆனால் தவறு நிறுவனத்துடையது என்பது எங்கும் பதிவாகாது. மேலும், தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாக ஆறாண்டு அவகாசம் தருகிறது. ஒரு பகுதியைச் செலுத்தினாலோ கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்த ஆறாண்டு மீண்டும் புதிதாகத் தொடங்கிவிடும். எனவே, முகவரிடம் வாய்மொழியாக எதையும் ஒப்புக்கொள்ளாமல், கடனுக்கான ஆதாரத்தை எழுத்தில் கேட்பதே சரி.

இளைஞரிடம் ஒன்று இருக்கிறது: சேவை நிறுத்தப் படிவத்தின் நகல். அதில் தேதியும் முத்திரையும் உள்ளன. பலர் இத்தகைய தாளை வீடு மாறும் அன்றே குப்பையில் போட்டுவிடுவர். அவர் அந்த நகலோடும் வீட்டை ஒப்படைத்த கடிதத்தோடும் இணையச் சேவை நிறுவனத்துக்கு எழுதுகிறார். கடனறிக்கை நிறுவனத்துக்கும் அதே ஆதாரங்களை அனுப்புகிறார். ஒவ்வொரு கடிதத்தின் நகலையும், பேசியவரின் பெயர், நாள், நேரத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறார். பதில் வராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் அவர் முறையிடலாம்.

“பணம் கொடுங்கள், பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்” என்னும் விளம்பரங்களும் அவர் கண்ணில் படுகின்றன. சரியான பதிவை எந்த இடைத்தரகராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த இடைத்தரகர் தேவையுமில்லை.

சில வாரங்களில் இணையச் சேவை நிறுவனம் பாக்கியை ரத்து செய்து கடிதம் அனுப்புகிறது. இளைஞர் உடனே வங்கிக்கு ஓடவில்லை. கடனறிக்கையை மறுபடியும் பெற்று, அந்த 285 ரிங்கிட் நீங்கியிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்கிறார். பிறகே மோட்டார் சைக்கிள் கடைக்குப் போகிறார்.