சைக்கிள் சீட்டும் முழங்கால் வலியும்



தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02-ல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் வந்தது. சைக்கிள் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் நாம் எல்லோரும் ஒரே உயரமா?

போன வருஷம் எனக்கு முழங்கால் வலி. பாட்டி தைலம் தேய்த்தும் போகவில்லை. "டியூஷனை நிறுத்திடலாமா?" என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. பஞ்சர் ஒட்டப் போனபோது கடை அண்ணன், "ஏம்மா, இவ்ளோ கீழ உக்காந்து மிதிச்சா கால் வலிக்காதா?" என்று கேட்டு, ஸ்பேனரால் சீட்டை இரண்டு அங்குலம் ஏற்றிவிட்டார். வலி மெல்லக் குறைந்தது. காரணம் இதுதான்: சீட்டு தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கி, முட்டிச் சில்லில் அழுத்தம் கூடும். திருத்தணி மலையின் 365 படியையும் குந்தியபடியே ஏறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

நீங்களே சரிபார்க்கலாம்:

1. உயரம்: சுவரைப் பிடித்து சீட்டில் உட்காருங்கள். அடியில் உள்ள பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட்டு அதிக உயரம். கம்பியில் உள்ள எல்லைக்கோட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. புதிதாகப் பழகுபவர்கள், கால் தரையில் ஊன்றும்படி தாழ்வாகவே வையுங்கள்.

2. மட்டம்: சீட்டின் மூக்கு தூக்கியிருந்தால் மரத்துப்போகும். கவிழ்ந்திருந்தால் முன்னால் வழுக்கி, கை வலிக்கும்.

3. அகலம்: உட்காரும்போது இடுப்புக்கு அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள்தான் எடையைத் தாங்குகின்றன. நிமிர்ந்து ஓட்டும் நம்ம சைக்கிளுக்கு ஸ்பிரிங் வைத்த அகல சீட்டு; குனிந்து ஓட்டும் பந்தய சைக்கிளுக்கு ஒல்லி சீட்டு. ரொம்ப மெத்தென்ற கவர் போட்டால் எலும்பு அமிழ்ந்து நடுவில் அழுத்தும்.

4. கை: ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கணும். புத்தகப் பையை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் வலி போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சின்ன வயதில் குரங்கு பெடல் போட்டபோது சைக்கிளுக்காக நாம் வளைந்தோம். இனி நமக்காக சைக்கிளைச் சரிசெய்வோம். இன்று மாலை மணி அடித்ததும், ஸ்டாண்டிலேயே ஒருவருக்கொருவர் பிடித்துக்கொண்டு பார்த்துவிடலாமே!

– பிளஸ் டூ மாணவி