நூறா? முந்நூறா?

ஓர் ஆலை. அதில் 200 பேர் வேலை செய்கிறார்கள். "ஆள் அதிகம், வருமானம் குறைவு" என்கிறார் முதலாளி. 20 பேரை நிறுத்த நினைக்கிறார். அதற்கு அரசின் அனுமதி வேண்டுமா?

விடை ஓர் எண்ணில் இருக்கிறது.

தொழில் தகராறு சட்டம் 1947-இல் வந்தது. 1976-இல் அதில் ஒரு விதி சேர்ந்தது. ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால், ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். மூடுவதற்கும் வேண்டும். 1984-இல் இந்த எண் 100 ஆகக் குறைந்தது. அதனால் இன்னும் பலருக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

2014-இல் ராஜஸ்தான் அரசு தன் மாநிலத்தில் மட்டும் எண்ணை 300 ஆக்கியது. 2020-இல் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் புதிய சட்டம் இயற்றியது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதில் எண் 300. ஆகவே 200 பேர் ஆலைக்கு இப்போது அனுமதி தேவையில்லை.

இது சரியா?

அரசு சொல்கிறது: "100 பேரைத் தாண்டினால் தொல்லை என்று முதலாளிகள் ஆலையைப் பெரிதாக்கவில்லை. இனி ஆலை வளரும். வேலை பெருகும்."

தொழிற்சங்கங்கள் கேட்கின்றன: "எப்போது வேலை போகுமோ என்ற பயம் இருந்தால் கூலி உயர்வு கேட்க வாய் வருமா?" புதிய தொழிலாளர் சட்டங்களை எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது.

அனுமதி வேண்டாம் என்றால் சும்மா அனுப்பிவிடலாம் என்று பொருள் அல்ல. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். இழப்பீடும் உண்டு. வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு ஆண்டு வேலை செய்தவருக்கு 90 நாள் சம்பளம்.

ஆறு ஆண்டு என்பதற்கு என்ன ஆதாரம்? புதிய சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த தேதி சரியா என்று நீங்களே படித்துப் பாருங்கள். பத்திரமாக வையுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. 350 பேர் உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கு அனுமதி வேண்டுமா?
2. எட்டு ஆண்டு வேலை செய்தவருக்கு எத்தனை நாள் சம்பளம் இழப்பீடு?
3. நூறா, முந்நூறா? உங்கள் கருத்து என்ன? கூடிப் பேசுங்கள்.