பாவும் ஊடையும் ஒளிரும்போது: காப்புரிமை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நெய்த துணியே திரையாகி எழுத்தையும் படத்தையும் காட்டும் மின்னணுக் கருவிகளுக்குக் காப்புரிமை கோரும் விண்ணப்பங்கள் பல நாடுகளில் தாக்கலாகி வருகின்றன. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றிய செய்தி வெளிவரும்போதெல்லாம் இரண்டு எதிரெதிரான எண்ணங்கள் எழுவதுண்டு. துணியில் விளக்கு வைப்பது பழைய வேலை, அதற்குக் காப்புரிமை எப்படிக் கிடைக்கும் என்பது ஒன்று. கிடைத்துவிட்டால் இனி வேறு எவரும் ஒளிரும் துணியை நெய்ய முடியாது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பிழையில் பிறந்தவை. காப்புரிமை ஒரு கருத்துக்கோ ஒரு பொருளின் பெயருக்கோ தரப்படுவதில்லை; விண்ணப்பத்தின் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் ‘உரிமைக்கோரல்’ எனப்படும் வாக்கியங்கள் எவ்வளவு பரப்பை வேலியிடுகின்றனவோ அவ்வளவுக்கே தரப்படுகிறது. தலைப்பையும் சுருக்கவுரையையும் படித்துவிட்டு வாதிடுவோர் வேலியைப் பார்க்காமல் நிலத்துக்கு விலை பேசுவோரை ஒத்தவர்கள்.

“ஒளிரும் துணி ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே காப்புரிமை கிடைக்காது”

ஒளிரும் துணி ஏற்கெனவே இருப்பது உண்மைதான். பிலிப்ஸ் நிறுவனம் 2000-களின் நடுப்பகுதியில் ‘லுமலிவ்’ என்ற பெயரில், துணிக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்குகளை அடுக்கி, முகப்புத் துணியின் வழியே படம் கசியும் ஆடைகளைக் காட்டியது. 2009-இல் ‘கியூட்சர்க்யூட்’ என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் சிகாகோ அறிவியல், தொழில் அருங்காட்சியகத்துக்காக உருவாக்கிய ‘கேலக்ஸி டிரஸ்’ என்ற உடையில் 24,000 சிறு எல்.இ.டி.கள் இருந்தன. ஒளியிழைகளைச் சேர்த்து நெய்த துணிகளும் சந்தைக்கு வந்து நெடுங்காலமாகிறது.

ஆனால் இவை அமைப்பில் ஒன்றல்ல. விளக்கு துணிக்குப் பின்னால் இருப்பது ஒரு வகை. துணியின்மேல் தைக்கப்படுவது இன்னொரு வகை. நூலே விளக்காகி, நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் சந்திக்கும் புள்ளியில் ஒளி பிறப்பது மூன்றாம் வகை. ஒரு விண்ணப்பம் ‘புதியதன்று’ எனத் தள்ளப்பட வேண்டுமானால், அதன் உரிமைக்கோரலில் அடுக்கப்பட்ட கூறுகள் அனைத்தும் முன்பே வெளியான ஒரே ஓர் ஆவணத்திலோ ஒரே ஒரு பொருளிலோ அதே அமைவில் இருந்திருக்க வேண்டும். இவ்வாறு முன்பே உலகறிந்திருந்தவற்றுக்கு ‘முன்சான்று’ என்று பெயர். எடுத்துக்காட்டாக, “ஓர் உறை, அதைப் போர்த்திய நெய்துணி, அத்துணியில் மின்கடத்தும் பாவு நூல்கள், மின்கடத்தும் ஊடை நூல்கள், அவை குறுக்கிடும் இடத்தில் நெசவின்போதே விடப்பட்ட சிறு பையில் பற்றவைக்கப்பட்ட எல்.இ.டி.; அதை இயக்கும் மின்சுற்று” என ஓர் உரிமைக்கோரல் இருப்பதாகக் கொண்டால், பற்றவைத்த எல்.இ.டி. எல்லாம் இருந்தும் அந்த நெசவுப் பை மட்டும் பழைய ஆவணத்தில் இல்லாதபோது, புதுமை என்ற முதல் தடையை விண்ணப்பம் தாண்டிவிடும். ஆயிரம் ஒளிரும் சட்டைகளைக் குவித்துக் காட்டினாலும் அந்த முடிவு மாறாது.

“பழைய இரண்டைச் சேர்த்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது”

முதல் தடையைத் தாண்டியது இரண்டாம் தடையில் விழலாம். பெரும்பாலான வழக்குகள் உண்மையில் நடப்பது இங்கேதான். அத்துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவருக்கு, பழையவற்றைக் கண்ட மாத்திரத்தில் எளிதாகத் தோன்றியிருக்கக்கூடிய மாற்றத்துக்குக் காப்புரிமை இல்லை என்பது அந்த விதி. அமெரிக்கச் சட்டம் இதை ‘வெளிப்படையாகத் தோன்றாமை’ என்றும், இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் பிரிவு 2(1)(ஜேஏ) ‘கண்டுபிடிப்புப் படி’ என்றும் சொல்கின்றன. இந்தியச் சட்டம் கூடுதலாகத் தொழில்நுட்ப முன்னேற்றத்தையோ பொருளாதார முக்கியத்துவத்தையோ எதிர்பார்க்கிறது.

சேர்க்கை என்பதாலேயே ஒன்று வீழ்ந்துவிடுவதில்லை, சேர்க்கை புதிது என்பதாலேயே தேறிவிடுவதும் இல்லை. காரின் மிதிகட்டையுடன் மின்னணு உணரியை இணைத்த ஒரு காப்புரிமை தொடர்பான கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில், 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிந்த பொருள்களை அறிந்த முறையில் இணைத்து எதிர்பார்த்த பயனையே பெறுவது கண்டுபிடிப்பாகாது என்ற திசையில் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 1966-இல் ஆடம்ஸ் வழக்கில், மக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் கொண்டு நீர் ஊற்றியதும் இயங்கும் மின்கலத்துக்குத் தரப்பட்ட காப்புரிமையை நிலைநிறுத்தியது. அதன் கூறுகள் எல்லாம் பழையவை; ஆயினும் அவற்றின் சேர்க்கை வேலை செய்யாது என்றே வல்லுநர்கள் நம்பியிருந்தனர், அது வேலை செய்தது.

இந்த அளவுகோலை ஒளிரும் துணியில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. திரை என்பது அடிப்படையில் கிடைவரிசைக் கம்பிகளும் நெடுவரிசைக் கம்பிகளும் குறுக்கிடும் கட்டம். எந்தக் கிடைவரிசைக்கும் எந்த நெடுவரிசைக்கும் மின்னழுத்தம் தரப்படுகிறதோ அவை சந்திக்கும் புள்ளி மட்டும் ஒளிரும். தறியில் பாவும் ஊடையும் குறுக்கிடுவதும் இதே கட்டம்தான் என்பது நெசவும் மின்னணுவியலும் அறிந்த எவருக்கும் உடனே தோன்றும். ஆகவே, “பாவை நெடுவரிசையாகவும் ஊடையைக் கிடைவரிசையாகவும் பயன்படுத்துதல்” என்று மட்டும் கோரும் விண்ணப்பம் இன்று தேறுவது அரிது, தேறவும் கூடாது. ஆனால் அந்த எளிய எண்ணத்துக்கும் இயங்கும் துணிக்கும் இடையில் கிடக்கும் தொலைவு பெரிது. உருண்டையான இரண்டு நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது தொடுபரப்பு மிகச் சிறியது; துணியை மடித்தால் அது நழுவும்; நழுவினால் ஒளி மங்கும். ஷாங்காயிலுள்ள ஃபுடான் பல்கலைக்கழகத்தின் பெங் ஹுய்ஷெங் குழுவினர் 2021 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் விவரித்த துணி இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. வெள்ளி பூசிய நூலின்மேல் துத்தநாக சல்ஃபைடு ஒளிர்பொருளைப் பூசி அதைப் பாவாக்கினர். அயனித் திரவம் கலந்த பாலியூரிதேன் கூழ்மத்தால் ஆன, ஒளி ஊடுருவும், மின்கடத்தும் மென்மையான இழையை ஊடையாக்கினர். மென்மையான ஊடை பாவின் வளைவுக்கு ஏற்ப நெளிந்து அதைத் தழுவிக்கொள்வதால் தொடுபரப்பு நிலைக்கிறது. 6 மீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அத்துணியில் ஏறத்தாழ 800 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஐந்து லட்சம் ஒளிப்புள்ளிகள் அமைந்தன. துணி மீண்டும் மீண்டும் சலவை இயந்திரத்தில் துவைக்கப்பட்ட பின்னும் இயங்கியது. துத்தநாக சல்ஃபைடு மின்புலத்தில் ஒளிர்வதை 1936-லேயே ஜார்ஜ் தெஸ்திரியோ கண்டறிந்துவிட்டார். நெசவோ அதைவிடப் பல்லாயிரம் ஆண்டு பழையது. எனினும் இக்குழு அடைந்த தீர்வு அவ்விரண்டையும் வெறுமனே கூட்டியதால் கிடைத்ததன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தியச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்), ஒன்றையொன்று சாராமல் அறிந்த முறையில் தனித்தனியே இயங்கும் அறிந்த கருவிகளை வெறுமனே ஒன்றுசேர்த்து வைப்பதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. ஒலிபெருக்கியின்மேல் துணியைப் போர்த்தி, அத்துணிக்குப் பின்னால் ஒரு கடிகாரத் திரையை வைத்து, துணி துணியாகவும் திரை திரையாகவும் இருந்துவிட்டால், இந்தியக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் இப்பிரிவையே முதலில் எடுப்பார்.

“அலங்காரத் துணி மின்னணுக் கருவிக்கு எதிரான சான்றாகாது”

மிகப் பரவலான இந்த நம்பிக்கையே மிகத் தவறானதும்கூட. ஒரு பொருளுக்கான உரிமைக்கோரலை எதிர்க்கும் முன்சான்று அதே நோக்கத்துக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. பாப்கார்னைச் சிறிது சிறிதாகக் கொட்டும் கூம்பு மூடிக்குக் காப்புரிமை கோரிய ஷ்ரைபர் என்பவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை 1997-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தபோது, அதற்கு எதிராக நின்றது எண்ணெய்க் கலத்தின் மூக்கு பற்றிய பழைய சுவிஸ் காப்புரிமை. எண்ணெய்க்காகச் செய்த கூம்பு பாப்கார்னையும் கொட்டக்கூடிய வடிவில் இருந்தது. வழக்கு முடிய அதுவே போதுமானதாயிற்று.

மின்னணு நெசவின் வரலாற்றில் இதற்கு நேர்த்தியான இணை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் ஆகியோர் 1990-களில் துணியில் மின்சுற்று அமைக்க முனைந்தபோது, அதற்கெனப் புதிய துணி எதையும் அவர்கள் நெய்யவில்லை. கடையில் கிடைத்த, பட்டு ஆர்கன்சா என்ற துணியையே எடுத்துக்கொண்டனர். அதன் பாவு வெறும் பட்டு நூல். ஊடையோ மெல்லிய செப்புத் தகடு சுற்றிய பட்டு நூல். செப்பு ஊடைகளுக்கிடையே போதிய இடைவெளி இருந்ததால் ஒவ்வொன்றையும் தனித்தனி மின்பாதையாக இயக்க முடிந்தது. துணிப் பட்டையொன்று பல கம்பிகள் கொண்ட தட்டை வடமாகவே செயல்பட்டது. இவ்வகைத் துணி அலங்காரத்துக்காக இந்தியாவில் குறைந்தது ஒரு நூற்றாண்டாக நெய்யப்பட்டு வருவதாக 2000-இல் வெளியான தங்கள் கட்டுரையில் அவர்களே பதிவு செய்துள்ளனர். “மின்கடத்தா நூலும் மின்கடத்தும் நூலும் குறுக்கே நெய்யப்பட்ட துணி” என்ற அளவில் நின்றுவிடும் எந்த உரிமைக்கோரலும், அந்த அலங்காரத் துணியை நெய்தவர் ஒளித்திரையைக் கனவிலும் நினைத்திராவிட்டாலும், அவர் துணியின் முன் புதுமை இழந்துவிடும்.

இங்கே மறுமுனையில் மிகையாகச் செல்வதும் நிகழ்கிறது. காஞ்சிப் பட்டின் சரிகையும் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி முலாம் பூசியதுதான், ஆகவே ஒளித்திரைத் துணியே நம்முடைய பழைய அறிவு என்று சொல்லிக்கொள்வது பெருமைக்கு உதவலாம், வழக்குக்கு உதவாது. சேலைக் கரையில் சரிகை இழைகள் நெருக்கமாக அடுத்தடுத்துப் படிவதால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தனித்தனியே மின்சாரம் செலுத்த அவற்றுக்கிடையே இடைவெளி இல்லை. பட்டு ஆர்கன்சா சான்றாவதும் கரைச் சரிகை சான்றாகாததும் பழமையால் அன்று, அந்த இடைவெளியால்.

சான்றுக்கு நாளும் வேண்டும். ஃபுடான் கட்டுரை 2021 மார்ச்சுக்குப் பின் விண்ணப்பித்த பிறருக்கு எதிராக நிற்கும். அதற்கு முன்பே விண்ணப்பித்தவருக்கு எதிராக அதைக் காட்டிப் பயனில்லை. கண்டுபிடித்தவரே தம் ஆய்வை வெளியிட்டுவிட்டு ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க அமெரிக்கா சலுகை தருகிறது. இந்தியாவில் அச்சலுகை சில கண்காட்சிகளுக்கும் அறிஞர் கழக வெளியீடுகளுக்கும் மட்டுமான குறுகிய வாயில். முதலில் இதழில் வெளியிட்டுவிட்டுப் பிறகு காப்புரிமையைப் பற்றி யோசிக்கும் ஆய்வாளர், தம் கட்டுரையாலேயே தம் உரிமையை இழப்பதுண்டு.

“விண்ணப்பம் வெளியானால் காப்புரிமை கிடைத்துவிட்டது”

இல்லை. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழிந்ததும், தகுதி பார்க்கப்படாமலே வெளியிடப்படுகின்றன. அமெரிக்க ஆவண எண்ணின் இறுதியில் ‘ஏ1’ என்றிருந்தால் அது வெறும் விண்ணப்பம்; ‘பி1’ அல்லது ‘பி2’ என்றிருந்தால்தான் வழங்கப்பட்ட காப்புரிமை. நாளிதழ்ச் செய்திகளில் பாதிக் குழப்பம் இந்த ஓர் எழுத்தைப் பார்க்காததால் விளைவது.

“ஒரு நிறுவனம் பெற்றுவிட்டால் பிறர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்”

வழங்கப்பட்ட நாட்டுக்குள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, கட்டணம் தவறாமல் செலுத்தப்படும் வரையில்தான் காப்புரிமை உயிருடன் இருக்கும். ஓர் உரிமைக்கோரலின் எல்லாக் கூறுகளையும் தன்னிடம் கொண்ட பொருளே அதை மீறியதாகும். நெசவுப் பையில் எல்.இ.டி.யைப் பற்றவைப்பதற்குப் பெற்ற உரிமை, நூலே ஒளிரும் துணியைத் தடுக்காது. காப்புரிமை தடுக்கும் உரிமையே ஒழிய, செய்யும் உரிமை அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதைப் பெற்றவரே, நூல் பூச்சுக்கு இன்னொருவர் வைத்திருக்கும் காப்புரிமையால் தம் பொருளை விற்க முடியாமல் நிற்கலாம்.

“பொதுமக்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை”

அமெரிக்காவில் 2012 செப்டம்பர் முதல், எந்த மூன்றாம் நபரும் நிலுவையிலுள்ள விண்ணப்பத்துக்கு எதிரான வெளியீடுகளை, ஒவ்வொன்றும் எவ்வகையில் பொருந்துகிறது என்ற சுருக்கக் குறிப்புடன், காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பலாம். முதன்முறை அனுப்புவோருக்கு மூன்று ஆவணங்கள் வரை கட்டணம் இல்லை. விண்ணப்பம் வெளியான ஆறு மாதம் அல்லது பரிசோதகரின் முதல் நிராகரிப்பு, இவற்றில் எது பிந்தியதோ அதற்கு முன்பும், எப்படியாயினும் ஒப்புதல் அறிவிப்பு வருவதற்கு முன்பும் அவை சென்று சேர வேண்டும். இந்தியாவில் பிரிவு 25(1) எவருக்கும் காப்புரிமை வழங்கப்படும் முன் எதிர்க்கும் வாய்ப்பைத் தருகிறது, 2024 விதித் திருத்தத்துக்குப் பின் அதற்குக் கட்டணம் உண்டு. வழங்கிய செய்தி வெளியான ஓராண்டுக்குள் எதிர்க்கும் வாய்ப்பு, பிரிவு 25(2)-இன்படி, அதில் நலன் உள்ளவருக்கு மட்டும்.

இந்த இரண்டு நாடுகளிலும் பரிசோதகரின் மேசையில் எடைபோடப்படுவது ஊரறிந்த செய்தியன்று, நாளிட்ட ஆவணம். எனவே செப்பு ஊடைத் துணியின் பழைய மாதிரிப் புத்தகத்தையோ விலைப்பட்டியலையோ வைத்திருக்கும் நெசவுக் குடும்பங்களும் வணிகர்களும் அதில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைக் கிழியாமல் காத்து வைப்பது நல்லது.